யன்னலோரக் கட்டில்

2006 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு தகரப் பெட்டியையும் அம்மா கட்டித் தந்த பனங்கட்டிக் குட்டான்களையும் தூக்கிக்கொண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் விடுதியொன்றில் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்த அறைக்குள் நுழைந்தேன். யன்னலோரக் கட்டிலில் ஏற்கெனவே ஒருவன் படுக்கை விரித்து, தலைமாட்டில் ஒரு சிறிய முருகன் படத்தையும் சாத்தி வைத்திருந்தான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவனுக்கும் அதன் பொருள் உடனே விளங்கிவிடும். எங்கள் வீடுகளில் யன்னலோரம் என்பது காற்று வரும் இடம். சித்திரை வைகாசியில் அந்த இடம் வீட்டின் பெரியவருக்கு அல்லது விருந்தாளிக்கு உரியது. முந்தி வந்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டான் என்று எனக்குள் முடிவுகட்டியபடி, சுவரோரக் கட்டிலின்மேல் என் பெட்டியைச் சற்றுச் சத்தமாகவே வைத்தேன். அவன் எழுந்து நின்று, "வாங்க, பஸ்ஸுல ரொம்ப நேரமா?" என்று கேட்டான். முகமாலை, ஓமந்தைச் சோதனைச் சாவடிகளில் பொதிகளை அவிழ்த்துக் கட்டி, ஏறி இறங்கி, ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்து வந்திருந்த எனக்கு, அவனுடைய தமிழ் திரைப்படத்தில் வரும் தமிழைப் போலக் கேட்டது. "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன்.

அன்று மாலை, என்னுடன் ஒரே பாடசாலையில் படித்த ஒருவன் விடுதித் தாழ்வாரத்தில் வைத்து, "உன்ர அறையில ஆர் மச்சான்?" என்று கேட்டான். "ஒரு தோட்டக்காட்டான்" என்றேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கிப் பலமுறை நிறுத்தியதற்குக் காரணம் அந்த ஒற்றைச் சொல்தான். அது எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்பது எனக்குத் தெரியும். என் அப்பாவின் தந்தை, அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தவர் பலரைப் போல, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக வேலை பார்த்து, ஓய்வூதியப் பணத்தில் ஊரில் கல்வீடு கட்டியவர். அந்த வீட்டின் கதைகளில் தோட்டத்து மக்கள் எப்போதும் அந்தப் பெயரால்தான் வருவார்கள். அப்பம்மா அதைக் கோபத்தில் சொல்வதில்லை. மாட்டை மாடு என்பதுபோலச் சொல்வார். ஒரு சொல்லைக் கோபமே இல்லாமல் சொல்லிப் பழகிவிட்டால், அதற்குள் இருக்கும் அழுக்கு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. நான் தாழ்வாரத்தில் அதைச் சொன்னபோது எங்கள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

அவனுடைய ஊர் தலவாக்கலைக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் முக்கால் மணிநேரம் மலையேறிப் போக வேண்டிய ஒரு தோட்டத்தின் மேல் டிவிசன். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா தேயிலை ஆலையில் வேலை செய்பவர். அங்கே ஆலையை 'ஸ்டோர்' என்பார்கள். எனக்கு வாய்த்த பாடசாலைக்கும் அவனுக்கு வாய்த்த பாடசாலைக்கும் இருந்த தூரத்தைக் கடந்து, என்னைப் போலவே கலைப்பீடத்தில் புவியியலும் படிக்க வந்திருந்தான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், "எதுக்குடா விளம்பரம்?" என்று கேட்பான்.

முதல் சில மாதங்கள் நாங்கள் நண்பர்களாக இருக்கவில்லை என்பதே உண்மை. நான் என் ஊர்க் கூட்டத்தோடு சாப்பிடப் போனேன். அவன் தன் ஊர்க் கூட்டத்தோடு போனான். எனினும் ஒரே அறையில் இருப்பவர்களிடையே சிறு சிறு தேவைகள் வந்தே தீரும். எனக்குச் சிங்களம் அறவே தெரியாது. 'பஹினவா' என்ற ஒரு சொல் தெரியாததால், கலஹா சந்தியில் இறங்க வேண்டிய நான் பஸ்ஸிலேயே இருந்து கெலிஓயா வரை போய், இருட்டில் திரும்பி நடந்து வந்த இரவில், அவன் என் கொப்பியின் பின்பக்கத்தில் இருபது சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தான். 'கீயத' என்றால் எவ்வளவு. 'எப்பா' என்றால் வேண்டாம். "இந்த ரெண்டு போதும், கண்டியில கடைக்குப் போய் வந்துருவ" என்றான். கண்டிச் சந்தையில் அந்த இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு நான் ஒரு கம்பளிச் சட்டை வாங்கியது உண்மை. அதற்கு இரட்டிப்பு விலை கொடுத்ததும் உண்மை.

ஆனி மாதத்தில் ஒரு மரண வீட்டுக்காக அவன் நான்கு நாள்கள் ஊருக்குப் போனான். அவன் போன அன்றே நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு யன்னலோரக் கட்டிலுக்கு மாறினேன். ஹந்தானை மலை முழுவதும் தெரியும் அந்த இடத்தில் ஆறு மாதமாக நான் படுக்க ஆசைப்பட்டிருந்தேன். நள்ளிரவுக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்றோடு மழை வந்தது. யாழ்ப்பாணத்து மழை நேராக விழும். விழுந்து முடிந்ததும் மணல் குடித்துவிடும். இங்கே மழை பக்கவாட்டில் வந்தது. யன்னலை மூடிய பிறகும் சாரல் எங்கோ ஓர் இடுக்கைத் தேடி உள்ளே புகுந்து, கால்மாட்டு மெத்தையை நனைத்தது. சுவரிலிருந்து குளிர் எலும்புக்குள் இறங்கியது. அப்போதுதான் அவன் மெத்தைக்கடியில் மடித்து வைத்திருக்கும் அந்த ரப்பர்ப் படங்கின் பயன் எனக்கு விளங்கியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கும் பனிக்கும் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வது அது. அவன் மழை இரவுகளில் அதை யன்னலில் மாட்டுவதை நான் பலமுறை பார்த்து, தோட்டத்துப் பழக்கம் என்று மனதுக்குள் சிரித்திருக்கிறேன். விடியும்வரை சுவரோரக் கட்டிலில், என் பழைய இடத்தில், முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு சொட்டும் விழவில்லை.

அவன் திரும்பி வந்ததும் கேட்டேன்: "முதல் நாளே உனக்கு இது தெரியாதோ?"

"தெரியும். கதவுல ரெண்டு பேரோட பேரும் ஊரும் எழுதி ஒட்டியிருந்துச்சுல்ல. யாழ்ப்பாணம்னு போட்டிருந்துச்சு. குளிர் தாங்காதுன்னு நெனச்சேன்" என்றான். சொல்லிவிட்டுப் படங்கை உதறிக் காயப்போட்டான். அதற்குமேல் அந்தப் பேச்சு நீளவில்லை. முதல் நாள் பெட்டியைச் சத்தமாக வைத்தவனுக்குச் சொல்வதற்கு வேறு என்னதான் இருந்தது?

அந்த ஆண்டு ஆவணி மாதம், 11 ஆம் திகதி, முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. 2002 இல் திறந்த பாதை அது. அதன் வழியாகத்தான் எங்கள் தலைமுறை முதன்முறையாகத் தெற்கைப் பார்த்தது. பாதை மூடியதும் கைத்தொலைபேசித் தொடர்பு அறுந்தது. வீட்டுக் கடிதங்கள் வாரக்கணக்கில் பிந்தின. அப்பா அனுப்பும் பணம் நின்றுபோனது. யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போகலாம், பிற்பாடு திருகோணமலையிலிருந்து கப்பலிலும் போகலாம் என்றார்கள். இரண்டும் என் கைக்கு எட்டாதவை. ஊரிலோ அரிசியும் மாவும் தட்டுப்பாடு என்று செய்தி வந்துகொண்டிருந்தது. அங்கே அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரியாதபோது எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கையில் காசு இல்லை என்பது. அதை யாரிடமும் சொல்ல என் வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வளாகத்துக் குன்றில் உள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு நான் திடீரென்று ஒழுங்காகப் போகத் தொடங்கியதை அவன் கவனித்திருக்க வேண்டும். பக்தி அவ்வளவு வேகமாக வளராது என்பது அவனுக்குத் தெரியும்.

ஒரு மாலை அவன் ஒரு புதுக் கொப்பியை என் மேசையில் போட்டான். அட்டையில் 'செக்ரோல்' என்று எழுதி, உள்ளே கோடு கிழித்து, முதல் வரியில் என் பெயரை எழுதியிருந்தான். தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் வேலைநாளும் பதியப்படும் ஏட்டுக்கு அதுதான் பெயர். ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிட்டால் 'அரைப் பேர்'. விடுமுறை நாளில் பறித்தால் 'கைக்காசு'. அவன் திட்டம் எளிமையானது. நூலகத்திலிருந்த புவியியல் நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. நான் அவற்றை அவனுக்கு வாசித்து விளக்க வேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு பேர். ஞாயிற்றுக்கிழமை வாசித்தால் கைக்காசு. மறுபக்கத்தில், அவன் தன் மகாபொல புலமைப்பரிசில் பணத்தில் எனக்கு வாங்கித் தந்த சாப்பாடு, பஸ் காசு, சவர்க்காரம் எல்லாம் 'பிடித்தம்' என்ற தலைப்பின் கீழ் வரும்.

"உங்க தாத்தா மாதிரி நானும் ஒருநாள் கிளாக்கரையா வேலை பாக்கணும்ல" என்று சொல்லிப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டான். என் தாத்தாவைப் பற்றி நான் அவனிடம் எப்போது சொன்னேன் என்று அப்போது யோசித்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

அந்தக் கொப்பியில் அவன் காட்டிய நுட்பத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. கணக்கு ஒருபோதும் சமமாக முடியாது. மாதக் கடைசியில் எப்போதும் அவனே எனக்குப் பத்தோ பதினைந்தோ ரூபாய் 'மிச்சம்' தர வேண்டியதாக இருக்கும். ஒருமுறை நான் காய்ச்சலில் மூன்று நாள் எழும்பாமல் கிடந்தேன். செக்ரோலில் அந்த மூன்று நாளும் முழுப் பேர் விழுந்திருந்தது. "கணக்குப் பிழை" என்றேன். "கங்காணி சொன்னா சரி. நீ யாரு கேக்குறதுக்கு?" என்றான். உதவி செய்பவர்கள் உலகில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்குகிறவன் தலை நிமிர்ந்து வாங்கும்படி கொடுக்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. நன்றி என்ற சொல்லுக்கே அவன் இடம் வைக்கவில்லை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து, இவ்வளவு நீளமாக, ஓர் இணையப் பக்கத்தில் அதைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தீபாவளிக்கு அவன் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். பேராதனைச் சந்தி நிலையத்தில் பொடி மெனிக்கே ரயில் வந்து நின்றபோது நான் சிறுபிள்ளைபோல நின்று பார்த்தேன். நான் அதற்குமுன் ரயிலில் ஏறியதே இல்லை. யாழ்ப்பாணத்துக்கு வந்துகொண்டிருந்த யாழ்தேவி 1990 இல் நின்றபோது எனக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. எங்கள் ஊரில் தண்டவாளம் கிடந்த இடத்தில் நாங்கள் சைக்கிள் ஓடிப் பழகினோம். அதைச் சொன்னதும் அவன் கேலி செய்யவில்லை. பண்டிகைக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலோரத்தில் எனக்கு இடம் பிடித்துத் தந்தான். கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை என்று ஏற ஏறக் காற்றின் மணம் மாறியது. ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் புகுந்தபோது பெட்டியில் இருந்த பையன்கள் எல்லோரும் கூவினார்கள். இருட்டில் அவனும் கூவினான். நானும் கூவினேன். வெளியே வந்ததும், கொட்டகலையைக் கடந்து, சென் கிளையர் நீர்வீழ்ச்சி எதிர்ப்புறத்தில் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆறுகூட வற்றாமல் ஓடாத குடாநாட்டிலிருந்து வந்து புவியியல் படித்துக்கொண்டிருந்தவனுக்கு, அருவி என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தை அடைந்தபோது மாலையாகிவிட்டது. என் காலில் இரண்டு அட்டைகள். அவற்றைச் சவர்க்காரம் தேய்த்து எடுத்துக்கொண்டே அவன், "பயப்படாத, யாழ்ப்பாணத்து ரத்தம் பிடிக்கலன்னா அதுவே விட்டுரும்" என்றான். பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை; அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு, திண்ணை போல. இஸ்தோப்புப் படியில் அவனுடைய அப்பாயி, அப்பாவின் அம்மா, உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்குமேல் இருக்கும்; காதுத் துளைகள் நீண்டு தொங்கின. "யாரு கண்ணு இது?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்று அவன் சொன்னதும், அந்தக் கிழவி உரலைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"கிளாக்கரையா ஊருங்களா? வாங்கய்யா."

நான் நின்றேன். அவரும் நின்றார். நான் உட்காராதவரை அவர் உட்காரப் போவதில்லை என்பதும், நான் உட்கார்ந்த பிறகும் அவர் உட்கார மாட்டார் என்பதும் எனக்கு விளங்கியது. என் தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. என் பேச்சிலேயே அவருடைய உடம்பு ஒரு பழைய கட்டளையைக் கேட்டுவிட்டது.

அவன் என் பையை இறக்கி வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மிகச் சாதாரணமாகச் சொன்னான்: "உக்காரு அப்பாயி. இவன் கிளாக்கரையா இல்ல. என் ரூம்ல இருக்குறவன். இவன் யாழ்ப்பாணத்தான், நான் தோட்டக்காட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே பக்கெட்டு, ஒரே சவுக்காரம்."

அப்பாயி சிரித்துவிட்டு உட்கார்ந்தார். எனக்குத் தாழ்வாரமும் பாதி திறந்திருந்த கதவும் நினைவுக்கு வந்தன. தாத்தாவைப் பற்றியும் அந்தத் தாழ்வாரத்தில்தான், என் கூட்டத்தோடு, நான் பெருமையடித்திருக்கிறேன். முதல் நாள் மாலையே அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுத்தான் இருபது சிங்களச் சொற்களை எழுதித் தந்திருக்கிறான். கேட்டுவிட்டுத்தான் படங்கை மாட்டிக்கொண்டு யன்னலோரத்தில் ஆறு மாதம் படுத்திருக்கிறான். அந்த இடத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. அவன் அந்தச் சொல்லை அதன்பின் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

அன்றிரவு சாப்பாடு முடிந்ததும் அப்பாயி ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். உள்ளே அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரம். பேரன் எத்தனையோ முறை வாசித்துக் காட்டியிருப்பான். என்றாலும் 'கிளாக்கரையா ஊர்ப் பிள்ளை' ஒருமுறை வாசித்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட அந்த மக்களில், இலங்கையும் இந்தியாவும் 1964 இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும் கடைசிவரை எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழி திறந்தது. பரீட்சைக்காக இந்த ஆண்டுகளை எல்லாம் நான் மனப்பாடம் செய்திருக்கிறேன். குப்பி விளக்கில் அந்தத் தாளை வாசித்தபோதுதான், இந்த மண்ணிலேயே பிறந்து, அறுபது ஆண்டுகள் இதே மலையில் கொழுந்து பறித்த ஒருவருக்கு அது கையில் கிடைத்து மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பது உறைத்தது. "சரியா இருக்கு, அப்பாயி" என்றேன். அவர் பையை மூன்று மடிப்பாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் பீலியில் குளித்தது, அவனுடைய அம்மா என் தட்டில் மட்டும் கோழித் துண்டுகளைக் குவித்தது, "தம்பி, அம்மாட்ட இருந்து கடுதாசி வந்துச்சா?" என்று அவர் ஒவ்வொரு வேளையும் கேட்டது ஆகியவற்றையெல்லாம் எழுதினால் இது முடியாது. பாதை மூடியிருந்த ஆண்டுகளில் எல்லா விடுமுறைக்கும் நான் அந்தக் காம்பராவுக்குத்தான் போனேன் என்பதோடு விடுகிறேன்.

2010 சித்திரையில், பாதை திறந்த பிறகு, அவன் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பம்மா அப்போது உயிரோடு இருந்தார். சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே, "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். அவன் தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம் வரை ஒன்றும் விடாமல் சொன்னான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்பம்மா சற்று நேரம் அவனைப் பார்த்துவிட்டு, "இப்ப உங்கட ஆக்கள் நல்லாப் படிக்கினமோ?" என்றார்.

"படிக்கிறோம் பாட்டி. உங்க பேரனை விட ரெண்டு பாடத்துல கூடவே எடுத்தேன்."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் போய்விட்டார். அப்பம்மா சிரிக்கவில்லை. ஆனால் தேநீர் வந்தபோது தன் கதிரைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போடச் சொல்லி, தாத்தா இருந்த தோட்டத்தைப் பற்றி அவனிடம் ஒரு மணிநேரம் விசாரித்தார். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் கோப்பையைக் காட்டி, "பாட்டி, இது தேயிலை இல்ல, ஸ்டோர்ல கூட்டித் தள்ளுறது. அடுத்த தடவ நல்ல தூள் கொண்டு வர்றேன்" என்றான். அப்பம்மா சாகும்வரை அவன் அனுப்பிய தூளைத்தான் குடித்தார். அந்தப் பழைய சொல்லை அவர் விட்டுவிட்டாரா என்றால், விடவில்லை. அவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் சொல்ல மாட்டார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க எனக்கும் தகுதி இருக்கவில்லை.

அன்றிரவு வெக்கை தாங்க முடியவில்லை. மின்சாரமும் இல்லை. அம்மா அறைக்குள் இரண்டு பாய்களை விரித்திருந்தார். அவன் உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதற்குள் அவனுடைய தலையணையை யன்னலோரப் பாயில் போட்டேன். அவன் வந்து, யன்னலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான்.

"மழை வருமா?" என்றான்.

"வராது. படு" என்றேன்.

இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டான். யன்னல் வழியாக வேப்பங்காற்று வந்து அவனோடு நின்றுவிட்டது. சுவரோரத்தில் எனக்கு விடியும்வரை வியர்த்துக்கொண்டே இருந்தது.